மேஜருக்குச் சாவி கொடுக்கக் கூடாது

பொம்மைகள் என்றால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. உங்கள் மேஜை மேல் உட்கார்ந்திருக்கும் அந்தத் தகரக் கரடியைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இந்த ஆளுக்குப் பொம்மை விளையாட்டு கேட்கிறதா என்று வாசலில் நிற்கும் காவலர் சிரித்தாரே, அவர் காதில் விழட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். விளையாடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் சேகரிப்பவன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களால்தான் இந்த விவகாரம் இவ்வளவு பெரிதாகிவிட்டது.

நான் கொடுத்தது புகார், மேடம். என் பொருளை நாசமாக்கிவிட்டார் என்று தையல்காரர் மேல் கொடுத்த புகார். நீங்களோ, "அது இருக்கட்டும், இந்தக் கரடி உங்க கைக்கு எப்படி வந்துச்சு, முதல்ல அதைச் சொல்லுங்க" என்கிறீர்கள். சொல்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. மென்று விழுங்கிப் பேசுவது என் பழக்கம் இல்லை. நான் நஷ்டத்தை மதிப்பிடுகிறவன். தீப்பிடித்த கிடங்கு, கவிழ்ந்த லாரி, தண்ணீர் புகுந்த கடை என்று எங்கே எது பாழானாலும் இன்சூரன்ஸ் கம்பெனி என்னைத்தான் அனுப்பும். சொந்தக்காரர்கள் தலையிலடித்துக்கொண்டு அழுவார்கள். நான் சாம்பலுக்கு நடுவில் நின்று எது தேறும், எது தேறாது என்று பார்ப்பேன். கல்நெஞ்சக்காரன் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும், அங்கே யாராவது ஒருவர் நிதானமாக இருக்க வேண்டுமே.

என் வீட்டில் ஓர் அறை முழுக்கத் தகரப் பொம்மைகள். எல்லாம் பழைய காலத்தவை, சாவி கொடுத்தால் ஓடுகிற ரகம். சைக்கிள் மிதிக்கும் குரங்கு, துணி துவைக்கும் பூனை, குடை சுழற்றும் கோமாளி, விசில் ஊதும் போலீஸ்காரர். மன்னிக்க வேண்டும், அவரைத் தொந்தியோடுதான் செய்திருக்கிறார்கள். அறைக் கதவின் விளிம்பெல்லாம் ரப்பர் வைத்து அடைத்திருக்கிறேன். ஈரம் உள்ளே போகாது, தூசி போகாது, என் மனைவியும் போக மாட்டாள். "உங்க தகரக் குடும்பம் சாப்டாச்சா?" என்று வெளியிலிருந்தே கேட்பாள். அவளுக்கு எதையும் கிண்டலாகத்தான் பேச வரும்.

எங்கள் பொம்மை சேகரிப்போர் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, சாவி கொடுக்காதே என்பதுதான். சாவி கொடுக்கக் கொடுக்க ஸ்பிரிங் தளரும், பல்சக்கரம் தேயும், அதிர்வில் வர்ணம் உதிரும். ஓடாத பொம்மைதான் நல்ல பொம்மை. அதைவிட நல்லது, பெட்டியை விட்டே வெளியே வராத பொம்மை. பொம்மையைவிட அதன் அட்டைப் பெட்டிக்கு மதிப்பு அதிகம் என்று சொன்னால் வெளியாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். பொம்மை எப்படியோ தப்பித்துவிடும் மேடம். பெட்டியைத்தான் பிள்ளைகள் முதல் நாளே கிழித்துப் போட்டுவிடும். பிள்ளைகளைப் போல நாசகாரர்கள் வேறு யாரும் கிடையாது. நல்லவேளை, எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

மேஜர் என்பது அந்தக் கரடியின் பெயர். ஒரு பழைய சிறுவர் பத்திரிகையில் வந்த படக்கதைக் கரடி. பட்டாளத்து உடுப்பு, முறுக்கு மீசை, நெஞ்சு நிறையப் பதக்கம், இடுப்பில் மேளம். சண்டைக்குக் கூப்பிட்டால் தூங்கிவிடும், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும் மேளம் அடித்துக்கொண்டு முதல் ஆளாக வரும். அந்தப் பொம்மையைச் செய்த பட்டறை சீக்கிரமே மூடிவிட்டது. மிச்சமிருப்பவை மிகவும் அபூர்வம். என்னிடம் அதன் பெட்டி இருந்தது, வெறும் பெட்டி. அலமாரியின் நடுத்தட்டில் வைத்து, திறந்து பார்ப்பேன், மூடுவேன். "பிள்ளை இல்லாத வீட்டுல தொட்டில் வாங்கி வச்ச மாதிரி" என்று மனைவி ஒருநாள் சொன்னாள். அன்று அவள் கிண்டல் செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருக்கோடியில் தையல்காரர் வீடு. முன்னறையில் தையல் மிஷின், அதை ஒட்டி ஜன்னலோரம் கைவைத்த நாற்காலி. நாற்காலியில் அவர் மனைவி. அந்த அம்மாளுக்கு நினைவு போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. புருஷனை அடையாளம் தெரியாது, பேச்சு கிடையாது, பசிக்கிறதா என்றுகூடத் தெரியாது. என் மனைவி அடிக்கடி போய் அந்த அம்மாளுக்குத் தலைவாரிவிட்டு வருவாள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நீளம் குறைக்கக் கொடுத்த பேன்ட்டை வாங்கத்தான் ஒருநாள் மத்தியானம் போனேன்.

வாசலிலேயே மேளச் சத்தம் கேட்டது. உள்ளே ஸ்டூல் மேல் மேஜர் நின்று அடித்துக்கொண்டிருந்தார். தையல்காரர் ஒரு கையில் கஞ்சிக் கிண்ணமும் ஒரு கையில் ஸ்பூனுமாகக் குனிந்து நின்றார். கரடி அடிக்க அடிக்க அந்த அம்மாளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. ஒரு கட்டத்தில் வாயைத் திறந்து சிரித்தார். உடனே ஸ்பூன் உள்ளே போயிற்று. மறுபடி சாவி, மறுபடி மேளம், மறுபடி சிரிப்பு, மறுபடி ஸ்பூன்.

"வாங்க சார், உட்காருங்க," என்றார் தையல்காரர். "இவர்தான் எங்க வீட்டு மாப்பிள்ளை. சின்னப் பிள்ளையில இருந்து இவகிட்டதான் இருக்காரு. கல்யாணமாகி வரும்போது புடவைக்கு நடுவுல வச்சுத் தூக்கிட்டு வந்தா. அப்போ எனக்கு ஒரே பொறாமை சார். இப்போ பாருங்க, நான் கெஞ்சினா வாயைத் திறக்க மாட்டா, மாப்பிள்ளை வந்து அடிச்சாத்தான் ஒரு வாய் இறங்கும்."

சொல்லிக்கொண்டே கஞ்சி பட்ட விரலால் மேஜரின் தொப்பியைத் தடவிக்கொடுத்தார். ஒரு வேளைக்கு எத்தனை சாவி, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று மனம் தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. மீசை ஓரத்தில் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பச்சைக் குழந்தையை யாராவது இப்படி வைத்திருந்தால் நீங்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பீர்களா, மேடம்.

முறைப்படி விலைக்குத்தான் கேட்டேன். "இதைக் குடுத்துட்டு நான் எதை வச்சு சார் அவளுக்கு ஊட்டுறது?" என்றார். பேரம் பேசுகிறார் என்று நினைத்து இன்னும் நல்ல விலை சொன்னேன். "நீங்க வேற சார்" என்று சிரித்துவிட்டுப் பேன்ட்டை மடித்துக் கையில் கொடுத்தார். என் மனைவி அவருக்குத் தங்கச்சி மாதிரியாம், தங்கச்சி வீட்டுக்காரரிடம் கூலி வாங்குவதா என்று அதையும் வாங்கவில்லை. அந்த மனிதரோடு நியாயமாகப் பேச முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பெட்டி என்னிடம் இருக்கிறது, கரடி அவரிடம் இருக்கிறது. ஒரே பொருள் இரண்டு வீட்டில் கிடக்கிறது. இரண்டில் எந்த வீடு அதைக் காப்பாற்றும், எந்த வீடு அதை அடித்தே கொல்லும் என்பதில் சந்தேகம் இருக்க முடியுமா. அவர் பொருளை நான் எடுத்தேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். என் பெட்டிக்குள் இருக்க வேண்டியதை அவர்தான் இவ்வளவு காலம் வெளியே வைத்திருந்தார் என்றும் எழுதலாம்.

பழைய பொம்மைகளுக்கு இப்போது புதிதாக நகல் செய்கிறார்கள். சேகரிக்கத் தெரியாதவர்கள் வாங்கி டிவி பக்கத்தில் வைத்துக்கொள்வதற்காக. மேஜரின் நகல் ஒன்றை வரவழைத்தேன். அதற்குப் பிறகு மனைவியோடு நானும் தையல்காரர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அவளுக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. "பரவாயில்லையே, உங்களுக்கும் நாலு பேர் மேல அக்கறை வருதே" என்றாள். நான் மேஜரை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன். நகலை என் மேஜையில் வைத்து, எஃகு நார் கொண்டு தேய்த்து, டீ டிகாஷனில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி வயதாக்கினேன். இடது காது சப்பை, மேளத்தின் விளிம்பில் துரு, ஒரு பதக்கத்தில் வர்ணம் பெயர்ந்த வெள்ளை, எதையும் விடவில்லை. மீசையில் பருக்கையைக்கூட ஒட்டினேன். பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

திருட்டு என்ற சொல்லை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள் என்று தெரியவில்லை. நான் பூட்டை உடைக்கவில்லை, சுவர் ஏறவில்லை. "ரொம்ப இறுகிப்போயிருக்கு, எண்ணெய் போட்டுத் தரேன்" என்றேன். தையல்காரர் தன் கையாலேயே மேஜரைப் பருத்தித் துணியில் சுற்றிக் கொடுத்தார். "உங்க புண்ணியத்துக்கு ராத்திரி சாப்பாட்டுக்குள்ள குடுத்துடுங்க சார்" என்றார். விளக்கு வைப்பதற்கு முன்பே அதே துணியில் சுற்றி நகலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். சொன்ன நேரம் தவறுவது எனக்குப் பிடிக்காது.

மேஜர் என் வீட்டில் பெட்டிக்குள் படுத்தார். அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. மீசையை மட்டும் ஈரத் துணியால் துடைத்துவிட்டேன்.

இங்கே நான் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். என் வேலையில் பிழை வருவது அபூர்வம் என்பதால் அது இன்னும் உறுத்துகிறது. நான் கண்ணால் பார்த்ததை எல்லாம் நகலில் கொண்டுவந்தேன். காதால் கேட்கவில்லை. சேகரிப்பவர்கள் யாருமே கேட்க மாட்டோம் மேடம், எங்கள் பொம்மைகள்தான் ஓடுவதே இல்லையே.

மறுநாள் தையல்காரர் வந்தார். "எண்ணெய் போட்டப்புறம் ரொம்ப நல்லா ஓடுது சார், கடிகாரம் மாதிரி ஓடுது," என்றார் தயங்கித் தயங்கி. "ஆனா அவ பார்க்கவே மாட்டேங்கறா. முன்னாடி நடுவுல ஒரு தரம் தடுக்கும். கை அப்படியே மேல நின்னுட்டு, அப்புறம் சின்னதா ஒரு அடி விழும். அந்த இடத்துலதான் சிரிப்பா, நான் ஸ்பூனை உள்ள விடுவேன். இப்போ தடுக்கவே மாட்டேங்குது."

எங்கோ ஒரு பல் தேய்ந்திருக்கிறது, அந்தக் கோளாறில்தான் அந்த அம்மாள் சிரித்திருக்கிறார். கோளாறை ரசிக்கும் ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள். நகலை வாங்கி மேஜையில் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உடம்பை இணைக்கும் தகர நாக்குகளை நெம்பித் திறந்து உள்ளே பார்த்தேன். என்ன சொல்வது என்று யோசிக்கச் சிறிது நேரம் வேண்டியிருந்தது. "நீங்க இத்தனை வருஷமா அளவு மீறிச் சாவி குடுத்திருக்கீங்க. உள்ள தடுக்கற அந்தப் பல்லு மொத்தமாத் தேஞ்சுபோச்சு. இனிமே பழைய மாதிரி வராது" என்றேன். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானே கெடுத்துட்டேனா சார்?" என்றார். ஆறுதலாகத்தான் பதில் சொன்னேன். "வேணும்னு செய்யலையே, விடுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. தையல்காரர் பாடிப் பார்த்தாராம், தானே கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தாராம். என் மனைவி வேளாவேளைக்குப் போய்ப் போராடிவிட்டு வருவாள். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் போட்டார். அதையும் அந்த அம்மாள் பிடுங்கிப் போட்டுவிட்டாராம். ஒருநாள் மனைவி என் அறை வாசலில் வந்து நின்றாள். "அக்கா பல்லை இறுக்கிக் கடிச்சுக்கிறாங்க. பார்க்கவே முடியலைங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே, அந்தக் கரடியைப் பழையபடி தடுக்கற மாதிரி ஏதாவது பண்ணிக் குடுங்களேன்" என்று அழுதாள். அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் மேஜர் பெட்டிக்குள் இருந்தார்.

முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நகலில் ஒரு பல்லை ராவி எடுத்துவிட்டால் தடுக்கும். ஆனால் எந்தப் பல், எத்தனாவது அடியில் என்று தெரிய வேண்டும். அதற்கு அசலை ஒரே ஒரு முறை ஓடவிட்டுக் கேட்டாக வேண்டும். பெட்டியைத் திறந்தேன். சாவியில் விரலைக்கூட வைத்தேன். பிறகு மூடிவிட்டேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறது, மேடம். இன்றைக்கு ஒருவருக்காக ஒரு சாவி என்று ஆரம்பித்தால் அதற்கு முடிவு ஏது.

அசலையே திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். தாராளமாகக் கொடுத்திருக்கலாம். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும், அவ்வளவுதான். தொழில்முறையில் யோசித்துப் பார்த்தேன். ஒரு பக்கம், பெட்டியோடு முழுமையாக இருக்கும் ஒரே மேஜர். இன்னொரு பக்கம், வயதானவர், நினைவு இல்லாதவர், எப்படியும் சரியாகப் போவதில்லை. எங்கள் பாஷையில் முழுச் சேதம் என்போம். தேறாத சரக்குக்காகத் தேறும் சரக்கை நெருப்பில் போடச் சொல்லி எந்தக் கம்பெனியும் சொல்லாது. அந்த அம்மாள் சாப்பிடாமலேயே போய்விடுவார் என்று தெரிந்துதான் முடிவெடுத்தேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் அது பொய், எழுதாதீர்கள்.

அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றவன் நான். தையல்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னிக்கே சொன்னீங்க சார். இந்தக் கைதான், இந்தப் பாழாய்ப்போன கைதான்" என்று குலுங்கினார். நான் கையை உருவிக்கொள்ளவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை அப்படியே நின்றேன். பிறகு அவர் மிஷினில் உட்காரவே இல்லையாம். அந்தக் கையால் ஒரு தையல்கூடப் போட மாட்டேன் என்று சொன்னதாக மனைவி சொன்னாள்.

நேற்று எங்கள் சங்கத்தின் கண்காட்சி. நடு மேஜையில், கண்ணாடிக் கூண்டுக்குள், பெட்டியோடு மேஜர். யாரும் கையெழுத்து வாங்காத குறைதான், அவ்வளவு கூட்டம். என் மனைவி, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாரே என்று, தையல்காரரைக் கையைப் பிடித்து அழைத்துவந்துவிட்டாள். இதை அவள் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

தையல்காரர் கூண்டின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். "நம்ம மாப்பிள்ளைக்கு அண்ணன் தம்பியா சார்?" என்றார். "வெளியூரில் வாங்கினது" என்றேன். நம்பினார். சந்தேகப்படத் தெரியாத மனிதர். "இது தடுக்குமா சார்? ஒரே ஒரு தரம் கேட்டுட்டுப் போயிடறேன்" என்றார். விதியை விளக்கினேன். எங்கள் சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர், வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வாயைத் திறந்தே பழகியவர், கூண்டையும் திறந்துவிட்டார். "பெரியவர் ஆசைப்படறார், ஒரு தடவைதானேப்பா, தலையா போயிடும்?" என்று மேஜரைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்தார்.

தையல்காரர் சாவி கொடுத்து மேஜையில் நிறுத்தினார். மேஜர் அடித்தார். அடித்துக்கொண்டே வந்தவர் கையைத் தூக்கியபடி நின்றார். பிறகு சின்னதாக ஓர் அடி. தையல்காரரின் வலது கை, ஸ்பூன் பிடித்தாற்போல் விரல் குவிந்து, தானாக மேலே போயிற்று. அவர் வாயும் தானாகத் திறந்தது. கை அப்படியே அந்தரத்தில் நிற்க, என்னைத் திரும்பிப் பார்த்தார். என் மனைவியும் என்னைப் பார்த்தாள். எதிரே இருக்கிற ஆளை முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி.

"தங்கச்சி, இது எங்க மாப்பிள்ளைதான்மா," என்றார். "நான் கெடுக்கலைம்மா. என் கை கெடுக்கலை. நல்லாத்தான் இருந்திருக்கு, பாரு." மறுபடி சாவி கொடுத்தார். நிறுத்தச் சொன்னேன். மறுபடி கொடுத்தார், தடுக்கிற இடம் வரும்போதெல்லாம் அழுகையும் சிரிப்புமாக, "கெடுக்கலைம்மா, கெடுக்கலைம்மா" என்று சொல்லிக்கொண்டு. கூடம் முழுக்க எல்லோரும் வேடிக்கை பார்த்தார்களே தவிர ஒருவரும் அவர் கையைப் பிடிக்கவில்லை. கடைசியில் உள்ளே பட்டென்று ஒரு சத்தம். ஸ்பிரிங் அறுந்துவிட்டது.

நான் புகார் கொடுக்க வந்தது இதற்காகத்தான். அத்தனை பேர் சாட்சியாக மேஜரை முடித்துவிட்டார். அந்த மனிதர் இப்போது வெளியே உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, என் மனைவி வாங்கிக் கொடுத்த பன்னை டீயில் நனைத்து நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கதவு இடுக்கில் பார்த்தேன். இத்தனை மாதத்தில் அவர் இப்படி வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டதில்லை என்று அவள் உங்கள் காவலரிடம் சந்தோஷமாகச் சொல்கிறாள். எனக்கு நேற்றிலிருந்து ஒரு வாய்கூட இறங்கவில்லை, மேடம். நீங்கள் வரவழைத்த சாப்பாடும் பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது, பாருங்கள். ஒன்றின் மேல் உயிரையே வைத்தவர்களுக்கு அது போய்விட்டால் சாப்பாடு இறங்காது. அதெல்லாம் உங்களுக்கு எங்கே புரியப்போகிறது.